உருகிப்போன ஹெல்சிங்கி

கடல்மேல் நடக்கலாம் என்று சொல்லித்தான் என் மனைவியையும் மகளையும் அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

விமானத்திலிருந்து இறங்கி, பெட்டிகளை அறையில் போட்டு, முகம் கழுவிய கையோடு கிளம்பியிருந்தோம். ஹெல்சிங்கியின் தெற்கு முனையில் கைவோபூயிஸ்தோ என்றொரு பூங்கா. அதன் புல்சரிவில் இறங்கினால் கடல். எதிரே, உரக்கக் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில், சில மரங்களும் ஒரு மஞ்சள் வீடும் கொண்ட குட்டித் தீவு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தத் தீவுக்கு நடந்தே போய்வந்திருக்கிறேன். கடல் பாறையாக உறைந்திருந்தது. குழந்தைகளைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு ஆட்கள் போவார்கள். யாரும் பேசமாட்டார்கள். பூட்ஸுக்கு அடியில் பனி நெரிபடும் சத்தம் மட்டும் கேட்கும்.

இப்போது அங்கே தண்ணீர் இருந்தது. நீலமாக, வெயிலில் மின்னிக்கொண்டு, அலையடித்துக்கொண்டு. தீவுக்குப் போகும் சின்னப் படகுக்காக ஐஸ்கிரீமும் கையுமாக ஒரு வரிசை நின்றிருந்தது.

"ஏனுங்க, நடக்கலாம்னு சொன்னீங்களே" என்றாள் வாசுகி.

"அப்பா, அது தண்ணி" என்றாள் நித்யா ஆங்கிலத்தில். அவளுக்கு நான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து ஆங்கிலத்தில்தான் பதில் வரும்.

ஜூன் மாதத்தில் கடல் உறைந்திருக்காது என்று தெரியாத ஆள் இல்லை நான். ஆனால் கலிபோர்னியாவில் கிளம்பிய நேரத்திலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த படம் வெள்ளையாகவே இருந்தது. அதை மாற்றிப்போட வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கரையில் நின்று எதிர்த் தீவைப் பார்த்தேன். அதே மஞ்சள் வீடுதானா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பனியில் அது இன்னும் சின்னதாக இருந்ததாக ஞாபகம்.

நாங்கள் ஹெல்சிங்கிக்கு வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கலிபோர்னியாவின் சன்னிவேலில் இருந்தோம். நான் சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலை விஷயமாகத்தான் முன்பு மூன்று மாதம் ஹெல்சிங்கியில் தனியாகத் தங்கினேன். அந்தச் சமயம் வாசுகி கைக்குழந்தையோடு உடுமலையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். இப்போது என் எச்-ஒன் வேலை விசாவுக்கு ஆறாவது வருடம். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது, இலையுதிர்காலத்தோடு முடிகிறது. கிரீன் கார்டு மனு எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாவது அமெரிக்காவை விட்டு வெளியே இருந்தால்தான் மறுபடி ஆறு வருடம் கிடைக்கும். ஊருக்குத் திரும்பிப் போகலாம். அல்லது ஹெல்சிங்கியில் இருக்கும் கூட்டாளிக் கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன இரண்டு வருட வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. உலகத்தில் எனக்குப் பிடித்த ஊர் எது என்று யார் கேட்டாலும் ஹெல்சிங்கி என்பேன். சன்னிவேலில் எல் கமீனோ சாலை ஹோட்டலில் இட்லி சாப்பிடும்போதெல்லாம் அதன் டிராம்களைப் பற்றியும் அதன் அமைதியைப் பற்றியும் பேசிப் பேசி நண்பர்களைத் துரத்தியிருக்கிறேன். வாசுகிக்கு உடுமலைக்குத் திரும்பிவிடும் யோசனை. "நீங்க சொல்றதக் கேட்டா ஏதோ ஐஸ் பெட்டிக்குள்ள குடியிருக்கற மாதிரி இருக்குது" என்பாள். ஒரு தடவை வந்து பார்த்தால் மனம் மாறிவிடும் என்று அழைத்து வந்திருந்தேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு எங்களை வரவேற்ற ஹெல்சிங்கி நான் சொல்லி வைத்த ஊராக இல்லை. பூங்காப் புல்லில் ஆண்களும் பெண்களும் அரைகுறை உடையில் வெயிலுக்கு உடம்பைக் காட்டிப் படுத்திருந்தார்கள். சிரித்தார்கள், பாடினார்கள். ஒருவர் கிடார் வாசித்தார். இந்த மனிதர்களுக்கு இவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்று மாதம் ஒரே லிஃப்டில் போய்வந்த என் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை ஒரு பெரிய மரியாதையாக நினைத்து வாசுகியிடம் வர்ணித்திருந்தேன்.

"பேசாத ஊருன்னீங்க" என்றாள் அவள். குற்றம் சொல்லும் தொனியெல்லாம் இல்லை. சரிபார்த்துக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் சந்திப்பு. கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருந்த அறை டோலோ என்ற பகுதியில் இருந்தது. முன்பு தங்கியதும் அங்கேதான். அலுவலகத்துக்கு வழி எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ரொட்டிக்கடையைத் தாண்டி இடதுபக்கம் இறங்கி, விரிகுடாவின் குறுக்கே அக்கரைக்கு நடந்தால் வந்துவிடும். இறங்கினேன். விரிகுடாவில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. முந்தின நாள்தான் கடலில் ஏமாந்தவன், மறுநாள் காலையிலேயே ஏரி மாதிரிக் கிடந்த அதே கடலின் கரையில் பெட்டியும் கையுமாக நின்றேன். பனிக்காலத்தில் நான் நடந்த பாதை தண்ணீரின் மேல் இருந்திருக்கிறது. ஜூனில் அந்தப் பாதையே கிடையாது.

சுற்றிக்கொண்டு போவதற்குச் சாலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டில் நான் அடையாளம் வைத்திருந்தவை எல்லாம் விளக்குகள். பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடை, எழுத்து ஒன்று அணைந்துபோன ஒரு ஹோட்டல் பலகை, யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலில் முக்கோணமாக எரியும் மெழுகுவர்த்தி விளக்கு. வெயிலில் ஒன்றும் எரியவில்லை. எல்லாக் கட்டிடமும் ஒரே மாதிரி இருந்தது. வேர்த்து விறுவிறுத்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே எனக்காகக் காத்திருந்தவர் மார்க்கு. அந்தக் குளிர்காலத்தில் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர், இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவர். அவரை எனக்குக் கறுப்புக் கம்பளிக்கோட்டில்தான் தெரியும். அரைக்கால் சட்டையும் சிவந்த மூக்குமாக வந்து கையைக் குலுக்கினார். அந்த மூன்று மாதத்தில் மொத்தமாகப் பேசியதைவிட அன்று காலையில் அதிகம் பேசினார். சம்பளம், வீடு, நித்யாவுக்குப் பாலர் பள்ளி எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "திங்கட்கிழமை எனக்குத் தெரிந்தாக வேண்டும். இன்னொருவர் காத்திருக்கிறார்" என்றார்.

"நாளைக்கு என் மனைவிக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறேன்" என்றேன்.

மார்க்கு என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "நாளைக்கா? நாளைக்கு நடுக்கோடைத் திருநாள். எல்லோரும் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடுவோம். நீங்களும் எங்களோடு வாருங்கள்."

"இல்லை, ஊரைக் காட்ட வேண்டும்."

"எந்த ஊரை? நாளைக்கு இங்கே ஊரே இருக்காது" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

பிற்பகலில் துறைமுகத்துச் சந்தைக்குப் போனோம். ஆரஞ்சு நிறக் கூடாரங்கள் இருந்தன. அவை மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்ததால் பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல் மகிழ்ந்தேன். குளிர்காலத்தில் அவற்றுக்குள் முடங்கி உட்கார்ந்து சால்மன் மீன் சூப் குடித்திருக்கிறேன். இப்போது எல்லோரும் காகிதப் பையில் பச்சைப் பட்டாணி வாங்கி, தோலை உரித்து, அப்படியே பச்சையாகத் தின்றுகொண்டு திரிந்தார்கள். வாசுகியும் ஒரு பை வாங்கினாள். நித்யா உரித்து உரித்துத் தின்றாள். உப்பும் அதிமதுரமும் சேர்த்த கறுப்பு மிட்டாய் ஒன்றை நான் ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். வாயில் போட்டவள் அடுத்த நொடியே என் உள்ளங்கையில் துப்பினாள்.

பிறகு செனட் சதுக்கத்தின் வெள்ளைத் தேவாலயம். அதைப் பற்றித்தான் நான் மிக அதிகம் பேசியிருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கே கறுத்துவிடும் வானத்தில், விளக்கொளியில், பனிக்குன்றின் மேல் தனியாக மிதக்கிற மாதிரி இருக்கும் என்று. இப்போது பார்த்தால் கண் கூசியது. படிக்கட்டு முழுவதும் சுற்றுலாப் பயணிகள். வாசுகி நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

அந்த 'தான்' எனக்கு வலித்தது. ஆனால் நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

அன்றிரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் இரவு வரவில்லை. திரைச்சீலைக்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். நித்யா எழுந்து எழுந்து, விடிந்துவிட்டதா என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், இன்னும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மார்க்கு சொன்னபடியே ஊர் இல்லாமல் போயிருந்தது. கடைகளுக்கு இரும்புக் கதவு போட்டாயிற்று. தெருக்களில் கார் இல்லை. காலி டிராம் ஒன்று, ஆளே இல்லாத நிறுத்தத்தில் நின்று மணியடித்துவிட்டுப் போயிற்று. சன்னிவேலிலும் நடைபாதையில் ஆள் இருக்கமாட்டார்கள், ஆனால் அங்கே அவர்கள் கார்களுக்குள் இருப்பார்கள் என்று தெரியும். இங்கே எல்லோரும் எங்கள் காதில் மட்டும் போடாமல் ஓடிப்போன மாதிரி இருந்தது.

வாசுகி வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள். திறந்திருந்த ஒன்றிரண்டு இடங்களிலும் மீனும் பன்றி இறைச்சியும்தான். கடைசியில் ரயில் நிலையத்துப் பெட்டிக்கடையில் ஓர் அதிர்ஷ்டம். கம்பு ரொட்டி போன்ற கறுப்பு மாவை வெற்றிலை அளவுக்குத் தட்டி, நடுவில் பாலில் குழைய வேகவைத்த அரிசியை வைத்துச் சுட்டிருந்தார்கள்.

"அரிசிங்க" என்றாள் வாசுகி. பொங்கலைச் சப்பாத்தியில் வைத்த மாதிரி இருந்தது. உப்பு போதவில்லை. இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டோம்.

ஊரைச் சுற்றிக் காட்ட டிராம்தான் வழி என்று முடிவு செய்தேன். ஹெல்சிங்கியில் மூன்றாம் எண் டிராம், எட்டு என்ற இலக்கத்தை எழுதுகிற மாதிரி ஊரைச் சுற்றி வரும். '3டி' ஒரு திசையில் போகும், '3பி' எதிர்த் திசையில். ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வலதுபக்கம் வர வேண்டிய பூங்கா இடதுபக்கம் வந்தது. தப்பான டிராமா, அல்லது வெயிலில் ஊர் திரும்பிக்கொண்டதா? ஒரு நிறுத்தத்தில், பலகையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நான் மட்டும் இறங்கினேன்.

கதவு மூடிக்கொண்டது. டிராம் கிளம்பிவிட்டது.

ஜன்னலில் வாசுகியின் முகம் தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். நித்யா எனக்குக் கையசைத்து டாட்டா காட்டினாள். கூடவே ஓடினேன், தட்டினேன். வளைவில் திரும்பி அது மறைந்துவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நிற்பாள் என்று அங்கே ஓடினேன். இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நாங்கள் ஏறின இடத்துக்கே திரும்பி வருவாளோ என்று அங்கே போனேன். விடுமுறை என்பதால் டிராம்கள் வெகுநேரத்துக்கு ஒன்றாக வந்தன. வந்த ஒன்றிலும் அவர்கள் இல்லை. செல்போன் தயாரிக்கிற ஊர் அது. அந்த போன்கள் பேசுவதற்கு மென்பொருள் எழுதியே நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் என் கலிபோர்னியா போன் அங்கே வேலை செய்யாது, வாசுகியிடம் போனே கிடையாது. அவளிடம் அந்த ஊர்க் காசும் இல்லை. தங்கியிருந்த கட்டிடத்தின் பெயர் இரண்டு வரிக்கு நீளும். அவளுக்கு வாயில் நுழையாது. எனக்கும் நுழையாது.

நிறுத்தத்து பெஞ்சில் பீர் டின்னோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் மனைவியையும் குழந்தையையும் பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் நிதானமாக யோசித்தார். "எல்லோரும் போய்விட்டார்கள்" என்றார். "என் மனைவியும் போய்விட்டாள். நான் ஏன் இருக்கிறேன் என்று தெரியவில்லை. நீ ஏன் இருக்கிறாய்?" அவரிடமிருந்து விடுவித்துக்கொண்டு நடந்தேன்.

வாசுகிக்குச் சன்னிவேலில் டிரைவிங் லைசென்ஸ் உண்டு. 101 ஃப்ரீவேயில் பின்னால் வந்த ஒரு வண்டி லேசாக முட்டியதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. மளிகைக்கடை, கோவில், டாக்டர் என்று எங்கே போவதென்றாலும் நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வார நாட்களில் அபார்ட்மென்ட் வளாகத்து நீச்சல்குளத்தைத் தாண்டிப் போகமாட்டாள். அவளை, மொழி தெரியாத, ஆளில்லாத ஊரில் விட்டுவிட்டேன். சந்தைக்குப் போனேன். கூடாரங்களைப் பிரித்து எடுத்துப்போயிருந்தார்கள். தேவாலயப் படிக்கட்டில் ஏறி நான்கு பக்கமும் பார்த்தேன். இவ்வளவு பெரிய சதுக்கம் இவ்வளவு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அதன் அழகு அன்று எனக்கு எந்த உபயோகத்திலும் இல்லை.

நாங்கள் மூவரும் சேர்ந்து போன இடங்களில் மிச்சம் இருந்தது கடற்கரை ஒன்றுதான். போகிற வழியெல்லாம் போலீஸில் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கரையில், தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய ஒரு மரத்தளம் உண்டு. அதில் நீளமான மேஜைகள். ஹெல்சிங்கிக்காரர்கள் கோடையில் வீட்டுக் கம்பளங்களைக் கொண்டுவந்து கடல்நீரில் துவைக்கும் இடம் அது. பனிக்காலத்தில் அந்த மேஜைகளைப் பார்த்திருக்கிறேன், மீன் வெட்டுவதற்கு என்று நினைத்திருந்தேன். இப்போது அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி நின்றிருந்தார். அவர் எதிரில், சுடிதார்க் கால்களை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஒரு கம்பளத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் வாசுகி. நித்யா ஒரு வாளியில் கால் விட்டு நின்றிருந்தாள்.

கூப்பிடாமலே அருகில் போய் நின்றேன்.

வாசுகி நிமிர்ந்து பார்த்தாள். "வந்துட்டீங்களா? இந்தத் தலைப்பப் புடிங்க" என்றாள்.

கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையை அவள் பிடித்தாள். முறுக்கினோம். கடல்நீர் என் ஷூவுக்குள் இறங்கியது. கறுப்பும் சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட பருத்திக் கம்பளம். "பாத்தீங்களா, நம்ம பவானி ஜமுக்காளமேதான்" என்றாள்.

அந்தப் பெண்மணியின் பெயர் ஐலா. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சமே வந்தது. எல்லோரும் ஊரைவிட்டுப் போனதால் இன்றைக்கு மேஜைக்கு வரிசை இல்லை, அதனால் வந்தேன் என்று எனக்குப் புரியவைத்தார். வாசுகியைக் காட்டி, "பலமான கை" என்றார்.

கம்பளங்களைக் காயப்போட்டு முடித்ததும், ஐலா கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்க்கிலிருந்து காபி குடித்துக்கொண்டு அந்தத் தளத்திலேயே உட்கார்ந்தோம்.

"ஏன் இறங்கி நிக்கல?" என்று கேட்டேன்.

"நீங்க எறங்கினதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்பறம் நெனச்சேன், வண்டி சுத்தி அங்கயேதான வரப்போகுது, எறங்கினாத்தான் தொலைவோம்னு. அதே மாதிரி வந்துச்சுங்க. நீங்கதான் அங்க இல்ல."

"நான் உங்களைத் தேடிப் போயிட்டேன்."

"அதான். இன்னொரு சுத்து வந்தோம். அப்பவும் இல்ல. அப்பறம் இவ பாத்ரூம் போகணும்னா. கடல் தெரிஞ்சுது, எறங்கிட்டோம். இந்தம்மா தனியாத் தேச்சுட்டு இருந்தாங்க, நானும் கை குடுத்தேன்." காபியை ஒரு வாய் குடித்தாள். "ரெண்டாவது சுத்துல பயம் போயிருச்சுங்க. ஜன்னலோரமா உக்காந்து ஊரப் பாத்துட்டே வந்தேன். நல்ல ஊருங்க இது."

நேற்றுச் சொன்ன 'நல்லாத்தான்' இல்லை இது. நான் எதற்காக அவளை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேனோ அந்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷப்பட வேண்டியவன் என்ன செய்வதென்று தெரியாமல் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை படகில் ஏறி, துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் பழைய கோட்டைத் தீவுக்குப் போனோம். சுவோமென்லின்னா என்று பெயர். அங்கும் நான் பனியில்தான் போயிருந்தேன், உடைந்த பனிப்பாளங்களை இடித்துக்கொண்டு படகு போகும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது கோட்டைச் சுவர் மேல் புல் முளைத்து மஞ்சள் பூ பூத்திருந்தது. பீரங்கிகளின் மேல் குழந்தைகள் ஏறி விளையாடின. நித்யாவும் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவர்கள் ஒரு மொழியிலும் இவள் ஒரு மொழியிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். புல்லில் உட்கார்ந்து மிச்சமிருந்த அரிசி ரொட்டியைச் சாப்பிட்டோம்.

"இங்கயே வந்தரலாமுங்க" என்றாள் வாசுகி.

நான் வாயைத் திறந்தபோது என்னிடமிருந்து வேறு ஆளின் பேச்சு வந்தது. "யோசிச்சுச் சொல்லு. இது கோடை. நவம்பர்ல மூணு மணிக்கெல்லாம் இருட்டிரும். கம்பளமெல்லாம் துவைக்க முடியாது. யாரும் பேசமாட்டாங்க. நீ பாத்தது நெஜ ஊர் இல்ல."

"அப்ப நீங்க பாத்தது?"

"அது... அதுவும் ஒரு மாதிரிதான்."

"மூணு வருஷமா நீங்கதானுங்க சொன்னீங்க, இருட்டு நல்லாருக்கும், பேசாம இருக்கறது நல்லாருக்கும்னு."

"எனக்கு நல்லாருந்துச்சு."

வாசுகி ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "ஊரு நல்லாருந்துச்சா, இல்ல நாங்க கூட இல்லாதது நல்லாருந்துச்சா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்ல வராததால் பிறகு சொன்னாலும் எடுபடாது என்று தோன்றியது. அந்த மூன்று மாதத்தை நினைத்துப் பார்த்தேன். கைக்குழந்தையின் அழுகை இல்லை. ஒருவரை எங்கேயும் கூட்டிப் போக வேண்டியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தத் தீவுக்குப் போய்விட்டு வந்து, டெலிபோன் கார்டு தீரும்வரை உடுமலைக்குப் பேசியதும் நான்தான். பனியில் நடக்கும்போதெல்லாம் இதை வாசுகியிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே நடந்தவனும் நான்தான். இரண்டில் எது உண்மை?

"தெரியல வாசுகி" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் அந்த ரெண்டாவது சுத்துல நீங்க இல்லாதது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "ஆனா எறங்கினதும் கண்ணு உங்களத்தான் தேடுச்சு" என்றாள்.

நித்யா ஓடிவந்து தண்ணீர் கேட்டாள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். விமானத்தில் வாசுகியும் நித்யாவும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார்கள். நான் விழித்திருந்தேன். சொந்தமாக ஒரு ஊர் இருந்தது எனக்கு. யாரிடமும் காட்டாமல் இருந்தவரை பத்திரமாக இருந்தது. இப்போது அதில் வாசுகி இருக்கிறாள், ஐலா இருக்கிறார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கூட இருக்கிறார். அதைத் திரும்பப் பழையபடி நினைத்துப் பார்க்க முயன்றேன். வெள்ளைத் தேவாலயத்துக்குப் பின்னால் வானம் கறுக்கவேயில்லை.

திங்கட்கிழமை சன்னிவேலில் கண்ணைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருந்தது. அந்த இருட்டைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. எந்த ஊரில் இருக்கிறோம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஹெல்சிங்கியில் அலுவலகம் மூடுவதற்குள் பேசிவிட வேண்டும் என்று சமையலறை போனில் மார்க்குவைக் கூப்பிட்டேன்.

"உன் மனைவி என்ன சொன்னாள்?" என்று கேட்டார்.

"சரி என்றாள்."

"நீ?"

நான் பதில் சொல்லவில்லை. மார்க்கு அவசரப்படுத்தவில்லை. அந்த முனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இது மட்டும் நான் அறிந்த மார்க்கு. அந்த மௌனத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றுகொண்டிருக்கலாம் போல் இருந்தது.

"வருகிறோம்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசுகி வாசலில் நின்றிருந்தாள், தலைமுடியைக்கூட முடியாமல். "என்ன சொன்னீங்க?"

"வர்றோம்னு சொல்லிட்டேன்."

"நெசமாவா?" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்க, நாம பண்றது சரிதானுங்களா? பருப்பு கிடைக்குமா அங்க? இவள எந்தப் பாஷையில படிக்க வெக்கறது? அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"தெரியல" என்றேன்.

"எனக்கும் தெரியலீங்க" என்றாள். சொல்லிவிட்டு, அடக்க மாட்டாமல் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விடியாத அந்த நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

சத்தத்தில் நித்யா எழுந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாசுகி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்கிற மாதிரி.